முழங்காலுக்கு அடியில்

ரசமட்டம் என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். கூட வேலை செய்கிறவர்கள் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ரசமட்டக் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூலை ஒரு நூல் தூக்கல் என்பான். கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் மண்டி போட்டே சம்பாதித்தவன். கல்யாணமான புதிதில் அவனுடைய முழங்கால்கள் இரண்டும் கறுத்துக் காய்த்துப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒட்டகத்துக்கு வாக்கப்பட்டுட்டேனே என்று பெண்டாட்டி கேலி செய்தாள். சோறு போடுற இடம் அப்படித்தான் இருக்கும் என்றானாம்.

அந்தப் பெண்டாட்டி மெத்தைக்காரி. மெத்தை, தலையணை தைக்கிற பட்டறையில் பஞ்சு அடைக்கிற மேசை அவளுடையது. எந்த உறைக்கு எத்தனை பிடி, எங்கே அமுக்கிக் கொடுக்க வேண்டும், எங்கே தளர விட வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். கழுத்து வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களை முதலாளி நேரே அவளிடம் தள்ளிவிடுவார். அவள் ஆளை ஒரு சுற்றுப் பார்ப்பாள், எப்படிப் படுப்பீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அடைத்துக் கொடுப்பாள். பத்து நாள் கழித்து, புண்ணியவதி நீ நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போக வருவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. இருக்கட்டுமே, கைத்தொழில் தெரிந்த யாருக்குத்தான் அது இல்லை. ஆனால் அந்தப் பெருமையால்தான் இந்தக் கதையே வந்தது.

கட்டி முடியாத ஒரு வீட்டின் கூடத்தில் கிரானைட் பலகைகளைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின்னால் இருந்த ஒன்றின் நிறத்தைப் பார்க்க, முன்னால் இருந்தவற்றைத் தன் பக்கமாகச் சாய்த்து நெஞ்சில் தாங்கிக்கொண்டான் ரசமட்டம். அப்படித் தாங்கக் கூடாது என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். ஏழு பலகையும் சேர்ந்தாற்போல் வந்தன. உடம்பை ஒதுக்கிக்கொண்டான். வலது காலை ஒதுக்க நேரம் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அறுவை மருத்துவர் மெத்தைக்காரியையும், அவனுடைய அண்ணனையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். குள்ளமான பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஒரு தாளின் பின்பக்கத்தில் கால் ஒன்றை வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை எலும்பு நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே கணுக்கால் வரைக்கும் எலும்பும் சதையும் கூழாகிவிட்டன. காலைக் காப்பாற்ற வழியில்லை, இன்றைக்கே எடுத்தாக வேண்டும். எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. முழங்காலுக்குக் கீழே எடுத்தால், வெட்டிய எலும்பைக் கெண்டைக்கால் சதையால் மூடுவார்கள். இவனுக்குக் கெண்டைக்கால் சதையே மிச்சமில்லை. தொடையில் எடுத்தால் மூடச் சதை தாராளமாக இருக்கிறது. ஒரே அறுவை, சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் முழங்கால் போய்விடும்.

அப்புறம் அவர் வரைந்த காலின் அடியில், பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"பாதத்துக்கு ஒண்ணும் ஆகல. அதுக்குப் போற ரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாம இருக்கு. எலும்பையெல்லாம் எடுத்துட்டு, உள்ளங்காலை மட்டும் அப்படியே மடிச்சு மேல கொண்டுவந்து, முட்டிக்குக் கீழ மூடித் தைக்கலாம். உடம்பு பாரத்தைத் தாங்கறதுக்குன்னே உண்டான தோல் அது. பிடிச்சுக்கிச்சுன்னா அதைவிட நல்லது கிடையாது."

பிடிக்காவிட்டால் என்று மெத்தைக்காரி கேட்டாள். மடிப்பில் ரத்த ஓட்டம் நின்றால் உள்ளங்கால் கறுத்துவிடும், மறுபடி திறந்து தொடையில்தான் எடுக்க வேண்டும், இரண்டு மடங்கு வேதனை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

அண்ணன்காரர் மர அறுவை மில்லில் முப்பது வருஷம் ரம்பத்தோடு காலம் தள்ளியவர். கெட்டுப்போன மரத்தில் ஒட்டி அறுக்கிறவன் முட்டாள், நாலு அங்குலம் தள்ளி நல்ல மரத்தில் அறுத்தால் பிறகு தொந்தரவே இல்லை என்பது அவர் கட்சி. தம்பி பிழைத்து வந்தால் போதும், எதற்கு இந்த வம்பு என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பாசத்தில்தான் சொன்னார். மெத்தைக்காரி அவர் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, மருத்துவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முட்டி இருந்தா மண்டி போட முடியுமாம்மா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். முட்டி இல்லன்னா முடியாது. அது மட்டும் நிச்சயம்."

முழங்கால் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் என்று எழுத வருகிறது, ஆனால் இந்த இடத்தில் அதை எழுதக் கை கூசுகிறது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள் என்று சொல்லி வைக்கிறேன். அண்ணன்காரர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

காலையில் உள்ளே கொண்டுபோனவனைப் பொழுது சாய்ந்தபின் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த மூன்று நாளும் அவள் உயிர் அவளிடம் இல்லை. மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து, தையலுக்கு நடுவே தெரிகிற தோலை விரலால் அமுக்கிப் பார்ப்பார். வெளுத்துச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் அமுக்குகிறபோதெல்லாம் இவள் மூச்சு விடாமல் நிற்பாள். நான்காம் நாள் கட்டுத் துணியை முழுதாகப் பிரித்துக் கழுவியபோதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் கூட இல்லை. அதன் நுனியில், சுற்றிலும் கறுப்பு நூல் தையலோடு, அவனுடைய உள்ளங்கால். குதிகாலில் இருந்த பழைய வெடிப்பு கூட அப்படியே இருந்தது. களிம்பு போடுங்க, களிம்பு போடுங்க என்று பத்து வருஷமாக அவள் கத்திய வெடிப்பு. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தாள்.

"குதிகாலைத் தொடுற," என்றான் அவன், கண்ணை மூடியபடியே.

நரம்பு அறுபடவில்லை அல்லவா. முழங்காலுக்குக் கீழே தொட்டால், இல்லாத பாதத்தின் குதிகாலில் அவனுக்குத் தெரிந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறதே, பாவம், களைத்திருக்கும் என்று அவன் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் வந்து பார்த்து, பிடித்துக்கொண்டது என்றார். அண்ணன்காரரும் அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, காலைப் பழக்குகிற பிசியோக்காரர் வந்தார். காலின் பின்புறம் வைத்துக் கட்டியிருந்த மாவுக்கட்டுத் தகட்டை எடுத்துவிட்டு, விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். காலை நீட்டியே வைக்க வேண்டும். தினம் இரண்டு வேளை குப்புறப் படுக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மெத்தைக்காரி சரி சரி என்றாள். தலையணை என்றதும் அவள் மனசில் வந்தது, கடைகளில் தொங்குகிற மட்டமான சரக்கு. நாலே நாளில் கட்டி தட்டிப்போய், ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளமாகிவிடும். அதை வைத்தால் கால் கெட்டுத்தான் போகும், மனுஷர் சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தான் தைக்கிறதை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வலி ஆளைத் தின்றது. இருக்கிற காலில் ஒரு வலி, இல்லாத காலில் ஒரு வலி. காலை நீட்டினால் பின்பக்கம் சுண்டி இழுக்கிறது என்பான், லேசாக மடக்கினால் கொஞ்சம் தேவலை என்பான். ஏதாவது முட்டுக் கொடேன் என்று கெஞ்சுவான். ஏழு நாள் பொறுத்தாள். எட்டாம் நாள் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரு முட்டுத் தலையணை தைத்தாள். பாதி நிலா வடிவம், உள்ளே அமுக்கி அடைத்த பஞ்சு, மேலே தளர்ந்த ஒரு அடுக்கு. தைத்த உள்ளங்கால் எதிலும் படாமல் இருக்க ஓரத்தில் ஒரு பள்ளம் வேறு. அவள் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எதையும் தைத்ததில்லை. முழங்காலுக்கு அடியில் அதை வைத்ததும் அவன் முகம் இளகியது. அரை மணியில் தூங்கிவிட்டான். அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் கட்டிலோரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஐந்து வாரம் அந்த முட்டு அங்கேயே இருந்தது. குப்புறப் படுக்கிற வேலையெல்லாம் மூன்று நாளோடு போயிற்று. தெருமுனை மருத்துவமனையிலிருந்து கட்டுப் போட வருகிறவரிடம் காயத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அவரும் காயத்தை மட்டும் பார்த்தார். அருமையா ஆறுதும்மா என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மைதான், அருமையாகத்தான் ஆறியது.

ஆறாம் வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தையல் தெரியாமல் ஆறியிருந்தது. தோல் நல்ல நிறமாக, இளஞ்சூடாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மெத்தைக்காரி அதுவரை பார்த்ததில்லை. பிறகு பிசியோக்காரர் காலை நீட்டச் சொன்னார். ரசமட்டம் நீட்டினான். நீட்டிவிட்டதாகத்தான் நினைத்தான். முழங்கால் மடங்கியே இருந்தது. பிசியோக்காரர் ஒரு கையைத் தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அளக்கிற கருவியை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, முப்பது டிகிரி என்றார். முட்டிக்கு அடியில் ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டார்.

ரசமட்டம் மடங்கின முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டான். அண்ணன்காரர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் வெச்சேன்," என்றாள் மெத்தைக்காரி. "நானே தைச்சது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மருத்துவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மடங்கின முழங்காலில் செயற்கைக் காலை மாட்ட முடியாது, மாட்டினாலும் நிற்க முடியாது என்றார். மற்றவர்களுக்கு என்றால் பின்பக்கம் திறந்து இறுகின தசைநாரைத் தளர்த்திவிடலாம். இவனுக்கு உள்ளங்காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது, அங்கே கத்தியை வைக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்றார். ஆறு வாரம் பார்ப்போம். பயிற்சியில் நிமிர்ந்தால் உண்டு. இல்லாவிட்டால் தொடையில்தான்.

"முட்டிக்காகத்தானேம்மா இவ்வளவும் பண்ணினோம்," என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

திரும்பி வருகிற வண்டியில் ரசமட்டம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு நெருங்குகிறபோதுதான் பேசினான்.

"வலிக்குதுன்னு நான் ஆயிரம் சொல்லுவேன். கேட்டா வெச்சுடறதா?"

வீட்டுக்குப் போனதும் மெத்தைக்காரி கத்திரியை எடுத்து அந்த முட்டுத் தலையணையைத் தையலோடு வெட்டி, பஞ்சைச் சாக்கில் கொட்டினாள். சாயங்காலம் அண்ணன்காரர் மில்லிலிருந்து இழைத்த பலகை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அன்னைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் பலகையைப் போட்டு, நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மெத்தைக்காரி வீட்டில் மெத்தை இல்லாத கட்டில்.

பிசியோக்காரர் சொல்லிக் கொடுத்த பயிற்சி பார்க்க எளிதுதான். அவன் பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும். அவள் தன் இடது கையை அவன் முழங்காலுக்கு அடியில் வைக்க வேண்டும், வலது கையால் தொடையின் கீழ்ப்பகுதியை உடம்புப் பாரம் போட்டு அமுக்க வேண்டும். அவன் முழங்காலின் பின்பக்கத்தால் அவள் கையைத் தொட்டு நசுக்கப் பார்க்க வேண்டும். முப்பது எண்ணும்வரை விடக் கூடாது. காலை, மதியம், சாயங்காலம். முதல் நாள் அவள் கையை முஷ்டியாக மடக்கி நிறுத்தி வைத்தும் மேலே இடம் மிச்சமிருந்தது.

முனகல் கேட்டே தாங்க முடியாமல் முட்டுத் தைத்தவள் அவள். இப்போது அவன் அலறுகிறான், அந்த அலறலுக்கு மேலே உட்கார்ந்து அவள் எண்ணுகிறாள். அவன் அவளைத் திட்டினான், அவள் அப்பாவைத் திட்டினான், பெண் பார்க்க வந்த நாளைத் திட்டினான். பதினேழு, பதினெட்டு என்று அவள் எண்ணிக்கொண்டே போனாள். எண்ணும்போது மட்டும்தான் இரண்டு பேருக்கும் பேச்சு. மற்ற நேரமெல்லாம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வான். பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டாள். பஞ்சைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் கையை நினைத்தாலே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் முஷ்டி போய், நாலு விரலைக் குறுக்காக நிறுத்தினால் இடிக்கிற அளவுக்கு வந்தது. அப்புறம் எட்டு நாள் அசையவில்லை. எட்டு நாள், இருபத்து நாலு வேளை, அதே நாலு விரல். ஒன்பதாம் நாள் மதியம் அவன், போதும் எடுத்துவிடச் சொல், தொடையோடு போகட்டும், நீ என் மேல் உட்கார்ந்து எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது என்றான். அவளுக்கு அத்தனை நாள் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் வெச்சேன், சரி. கெஞ்சினது யாரு? நானா? நீங்க நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, கல்லை நெஞ்சுல தாங்காதேன்னு, நீங்க ஏன் தாங்கினீங்க? தெரிஞ்சேதான் தப்புப் பண்றோம். ரெண்டு பேரும்தான்."

சொன்னபிறகு பயந்துபோனாள். அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டான். பிசியோக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டும் அவன் செய்யாத பயிற்சி அது. அன்றைக்கு ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தான், எழுந்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டதற்கு இன்னும் கொஞ்ச நேரம் என்றான். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே வெந்நீர்த் துணியை எடுத்து முழங்காலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தான். திட்டுவது நிற்கவில்லை, ஆனால் நடுநடுவே எத்தனை என்று கேட்க ஆரம்பித்தான்.

நாலு விரல் மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. ஆறு வாரம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று காலை பத்து மணி இருக்கும். தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி இரும்புக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள், காது கிழிகிற சத்தம். மெத்தைக்காரி கையை விரித்து, புறங்கை பலகையில் பட, உள்ளங்கை மேலே பார்க்க, முழங்காலுக்கு அடியில் வைத்தாள். ஆரம்பிங்க என்றாள். அவன் பல்லைக் கடித்தான். அவள் தொடையில் பாரம் போட்டாள். பத்து எண்ணியபோது உள்ளங்கையில் அவன் தோலின் சூடு தெரிந்தது, தோல் படவில்லை. பதினைந்தில் பட்டது. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள், அவனுக்கு அது தெரியவில்லை. பட்டது அழுந்தியது, அழுந்தியது பாரமாயிற்று. விரல் எலும்புகள் பலகையில் பதிந்தன. கையை லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்தாள், அப்போதும் வரவில்லை.

"எத்தனை?" என்றான் அவன் கண்ணை மூடிக்கொண்டு.

பதில் வராததால் கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தான். தன் கால் பலகையில் படிந்து கிடப்பதைப் பார்த்தான். அவள் கை எங்கே என்று தேடினான்.

"கை மாட்டிக்கிச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எடுத்துடட்டா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "வலிக்கட்டும். இன்னும் அமுக்குங்க."

அவன் அமுக்கினான்.